மீட்டரில் இன்னும் மைல் பாக்கி

கிரேட் நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் காலை ஐந்தரைக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கிறது. மாலை ஐந்தரைக்கு விளக்கு ஏற்றியாக வேண்டும். சூரியன் தீவின் நேரப்படி வருகிறது, கடிகாரம் மெயின்லேண்டின் நேரப்படி ஓடுகிறது. அலுவலகக் கதவு திறப்பதற்குள் நாங்கள் மூன்று மணி நேரம் காடு வெட்டிவிட்டு, வியர்வை காய்ந்து உட்கார்ந்திருப்போம். வந்த புதிதில் இதைச் சிரிப்பாக ஊருக்கு எழுதினேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. இங்கே எது எப்போது நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்தத் தீவைக் கண்ணால் பார்க்காத யாரோ ஒருவர். இலவச நிலம் தருகிறார்களாமே, நாங்களும் மனு போடலாமா என்று கேட்டு எழுதுகிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.

நான் குடியாத்தத்துக்காரன். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் வண்டி மெக்கானிக். ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு கிரேட் நிக்கோபாரில் நிலம் என்றதும் மனைவி சுசீலாவோடு கப்பல் ஏறினேன். இங்கே ஊருக்குப் பெயர் வருவதற்கு முன் கிலோமீட்டர்தான் பெயர். எங்கள் வீடு கேம்பல் பே துறையிலிருந்து பதினாறாம் கிலோமீட்டரில். பக்கத்து மனை பல்பீருடையது, அவரும் பட்டாளத்து ஆள், பஞ்சாபி. அவர் மனைவி குல்வந்துக்குத் தமிழ் தெரியாது, சுசீலாவுக்கு இந்தியும் தெரியாது. ஆனாலும் இருவரும் நாள் முழுக்க ஏதோ பேசிக்கொண்டே இருப்பார்கள். பதினாறாம் கிலோமீட்டரில் டெலிபோன் கிடையாது. கேம்பல் பேயில் இருந்த குடியேற்ற அலுவலகத்துக்கு இருந்தது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள், பட்டாளம் கழித்துப்போட்ட பழைய வெள்ளைக்காரன் வண்டி. தபால், மருந்து, செய்தி எல்லாம் அதில்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு.

அந்த வண்டியின் எஞ்சினில், பக்கவாட்டு மூடிக்குள் ஒரு சின்னச் செயின் உண்டு. டைமிங் செயின் என்போம். பிஸ்டன் மேலே வரும் சரியான நொடியில் பொறி விழச் செய்வது அதுதான். அது நீண்டுபோனால் பொறி தப்பி விழும். கிக்கரை உதைத்தால் காலைத் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும், மூடிக்குள் கரகரவென்று சத்தம் வரும். அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும், தள்ளினாலும் உயிர் வராது. எங்கள் ரோட்டில் அப்போது பாதிப் பாலம் முடியவில்லை. அலை வற்றிய நேரம் பார்த்துக் கடற்கரை மணலில் இறங்கித்தான் வண்டி போகும். உப்புத் தண்ணீர் எஞ்சின் மூடி வரைக்கும் ஏறும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது செயினில் துரு பிடித்திருந்தது. விரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொங்கியது. இழுத்துக் கட்டக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அதுவும் தீர்ந்துவிட்டது. புதுச் செயின் ஒன்று போன கப்பலில் வந்து, கிரீஸ் காகிதத்தில் சுற்றியபடி ஸ்டோரில் கிடந்தது. நானே பார்த்தேன்.

ஸ்டோருக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனேன். என் இந்தி பட்டாளத்து இந்தி, ஏவலுக்குத்தான் ஆகும், விளக்கத்துக்கு ஆகாது.

"சார், டைமிங் செயின் டீலா ஹோ கயா."

"டீலா ஹை தோ டைட் கரோ," என்றார். தளர்ந்துவிட்டது என்றால் இறுக்கு, அவ்வளவுதானே என்கிறார்.

இறுக்க இடமில்லை என்பதைக் கையால் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை.

"டூட்டா க்யா?" அறுந்துவிட்டதா?

"நஹி சார். டூட்டேகா." இனி அறுந்துவிடும்.

"கப்?"

எப்போது என்று கேட்கிறார். செயின் அறும் தேதியை நான் சொல்ல வேண்டும். அவர் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தார். பத்தாயிரம் மைலுக்கு ஒருமுறை செயின் மாற்று என்று அதில் போட்டிருந்தது. மீட்டரில் ஆறாயிரம்கூட ஆகவில்லை. இன்னும் மைல் பாக்கி இருக்கிறது என்று புத்தகத்தை மூடிவிட்டு, வண்டியின் லாக் புக்கை என் பக்கம் தள்ளினார். பரிசோதித்தாயிற்று, ஓட்டலாம் என்பதற்கு அடையாளமாக 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். போட்டேன்.

ஏன் போட்டேன்? பதினைந்து வருஷம் அதிகாரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்ட கை. ஆனால் அதே பட்டாளத்தில், பனி விழும் மலைப் பாதையில் ஓடிய வண்டிகளுக்கு நாங்கள் மீட்டரைப் பார்த்துச் செயின் மாற்றியதே இல்லை. மூடியைத் திறப்போம், விரல் வைத்துப் பார்ப்போம், மாற்றுவோம். காகிதம் பிறகு வரும். அந்தப் புத்தகத்தை எழுதியவன் நல்ல தார்ச்சாலையில் ஓட்டிப் பார்த்து எழுதினான். இந்த உப்பிலும் சேற்றிலும் ஒரு மழைக்காலம் என்பது அவன் பத்தாயிரம் மைலுக்குச் சமம். எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஓகே எழுதினேன்.

மூன்றாவது வாரம், நிறைமாதமாக இருந்த குல்வந்துக்கு இடுப்பு வலி. முதல் நாள் பொழுது சாய ஆரம்பித்தது, மறுநாள் காலை வெயில் ஏறியும் பிள்ளை இறங்கவில்லை. கேம்பல் பே டாக்டர் லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார், கம்பவுண்டர் மட்டும்தான். ஆனால் அன்று துறையில் கப்பல் நின்றது, கப்பலில் டாக்டர் உண்டு. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். பிரேக் பார்ப்பதற்காக வண்டி என் வீட்டில் இருந்தது. பல்பீர் டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பினார். டிராக்டர் ஆடி அசைந்து போய்ச் சேர நேரமாகும், நான் முன்னால் போய்க் கப்பலை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

சுசீலா வாசலுக்கு ஓடிவந்தாள். "இன்னாங்க, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு சொருவுது. சீக்கிரம் போங்க."

ஏழு கிலோமீட்டர் போனேன். வழியெல்லாம் மூடிக்குள் அந்தக் கரகரப்பு. ஒன்பதாம் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம், வண்டி அடங்கிவிட்டது. மூடியைக் கழற்றினேன். செயின் இரண்டாகக் கிடந்தது. செப்புக் கம்பியால் கட்டிப் பார்த்தேன். ஒரு உதைக்குத் தாங்கியது, மறு உதைக்குப் பிய்ந்தது. இன்னொரு முறை கட்டினேன், விரல் கிழிந்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்று கிலோமீட்டர் ஓடியிருப்பேன், மரங்களுக்கு அந்தப் பக்கம் கப்பலின் ஹாரன் கேட்டது. நாசமாய்ப் போக என்று கத்தினேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்பல் விரிகுடாவைத் தாண்டியிருந்தது. டிராக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றது. கம்பவுண்டர் தன்னால் ஆனதைச் செய்தார். குல்வந்த் பிழைத்தாள். பிள்ளை அழவே இல்லை. ஆண் பிள்ளை.

இரண்டாம் நாள் பல்பீர் என் வாசலில் வந்து நின்றார். அலுவலகத்தில் அவருக்கு லாக் புக்கைக் காட்டியிருக்கிறார்கள். மெக்கானிக்கே ஓகே போட்டிருக்கிறான், பார் என்றார்களாம்.

"மதராஸி, தஸ்தகத் தேரா ஹை?"

என் கையெழுத்துதான் என்றேன். "மகர் நயா செயின் ஸ்டோர் மே ரக்கா ஹை," என்றேன். புதுச் செயினை ஸ்டோரில் வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன். நான்தான் அங்கே வைத்தேன் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அடிக்கட்டும் என்று நின்றேன். சுசீலாதான் நடுவில் புகுந்தாள்.

"இவரு கையெழுத்துப் போட்டது தப்புதான்யா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா செயினப் பூட்டி வெச்சவன் அங்க ஒக்காந்துனுகிறான், அவனப் போய்க் கேளு!"

ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரிந்திருக்காது. அவள் நீட்டிய விரல் அலுவலகப் பக்கம் இருந்தது. பல்பீர் அந்த விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை விட்டார்.

இருவருமாகப் போனோம். அதிகாரி எங்களைக் கண்டு பயப்படவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் நியாயமாகவே பேசுவதாக நினைத்தார். "அப் டூட் கயா. அப் இண்டென்ட் தோ, மில் ஜாயேகா." இப்போதுதான் அறுந்துவிட்டதே, இப்போது எழுதிக் கொடு, கிடைக்கும்.

பல்பீர் நேராக உள்ளே போய், நான் காட்டிய அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தார். வண்டியைத் தள்ளிவரச் செய்து அலுவலக வராந்தாவிலேயே செயினை மாட்டினேன். பிறகு லாக் புக்கைக் கேட்டு வாங்கி, என் 'ஓகே'யை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினேன். என் கோபத்துக்குப் போதுமான இந்தியும் இங்கிலீஷும் என்னிடம் இல்லை, தமிழில் எழுதினேன். செயின் அன்றே தேய்ந்திருந்தது, புதுச் செயின் அன்றே ஸ்டோரில் இருந்தது, நான் பயந்து கையெழுத்துப் போட்டேன், ஒரு பிள்ளை செத்தது. நாலு வரி. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த நாலு வரியையே மறுபடி எழுதி அனுப்பினேன். அதிகாரிக்கு மெயின்லேண்டுக்கு மாற்றல் கிடைத்தது, டீ பார்ட்டி வைத்து வழியனுப்பினார்கள். லாக் புக் இன்னும் அங்கேதான் இருக்கிறது, தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் அந்த அலுவலகத்தில் இல்லை.

இப்போது ஒவ்வொரு மழைக்கும் முன்னால் செயினை மாற்றுகிறேன், புதிய அதிகாரி முணுமுணுத்தாலும் கொடுத்துவிடுகிறார். மீட்டர் என்ன சொல்கிறது என்று நான் பார்ப்பதில்லை.

பல்பீரின் நிலம் அப்போது அடிக்கட்டையும் சதுப்புமாக இருந்தது. செத்த பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கமில்லை, புதைக்க உலர்ந்த மேடு என் மனையில்தான் கிடைத்தது, அங்கே புதைத்தோம். போன மாதம் அண்ணன் எழுதியிருந்தான். நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடு, குடியாத்தத்தில் பஸ் கம்பெனியில் மெக்கானிக் வேலை இருக்கிறது. கூடவே ஒரு வரி: அப்பாவைப் புதைத்த மேட்டைச் சமன் செய்து வேர்க்கடலை போட்டாயிற்று, நல்ல விளைச்சல்.

சுசீலாவுக்குப் படித்துக் காட்டினேன். "நாம போய்ட்டா இங்க வர்றவன் அந்த மேட்டு மேல டிராக்டர் உட்ருவான்," என்று மட்டும் சொன்னாள்.

பதில் இன்னும் போடவில்லை. நேற்று நிலம் உழுதேன். அங்கே என் அப்பாவின் மேல் கலப்பை ஓடிவிட்டது. இங்கே நான், பெயர்கூட வைக்காத ஒரு பஞ்சாபிப் பிள்ளையின் மேல் பட்டுவிடாமல், ஒவ்வொரு சாலுக்கும் டிராக்டரை ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.