பொட்டு வைக்க நானா போட்டுத் தந்த வட்டம்

ஜௌபர் நானா மௌத்தாகிட்டாராம்.

காலையில் அவருடைய மருமகன் அனுப்பிய வட்ஸ்அப் மெசேஜைப் பார்த்துவிட்டு, வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன். போன கிழமைதான் போனில் அவ்வளவு சிரித்துக் கதைத்த மனிதர்...

காத்தான்குடியில் கொம்பியூட்டர் திருத்துகிறவர். அங்கே அண்ணனை நானா என்பார்கள். எங்கள் கல்லடி வீட்டுக்கு ஸ்கூட்டியில், ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய ஸ்க்ரூ ஆணிகளோடு வருவார். அழுதுகொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, நான் என்ன செய்ய?

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். சில வருஷத்துக்கு முன் கதிரவெளிப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு வீட்டிலிருந்து ஸூமில் ரிவிஷன். பரீட்சைக்கு மூன்றே கிழமை. என்னை விட்டால் அவர்களுக்கு வேறு வகுப்பும் இல்லை, அவ்வளவு தூரம் டவுனுக்கு வந்துபோக வழியும் இல்லை.

அந்த நேரம் பார்த்து என் கொம்பியூட்டர் ஸ்டக். வகுப்புத் தொடங்கி இருபது நிமிடம் ஆனால் அசையாது. அரைக்கண் மூடி, வாய் திறந்தபடி என் முகம் மட்டும் அங்கே நிற்குமாம். அதை ஸ்டிக்கர் ஆக்கி வைத்திருந்தார்கள், பாவிகள்.

அத்தான் வைரஸ் என்றார், ஃபோர்மட் அடித்தார். சரிவரவில்லை. கட்டாரிலிருந்து தம்பி, ரெம் என்கிற மெமரித் தகட்டைக் கழற்றி அழிறப்பரால் தேய்க்கச் சொன்னான். தேய்த்தேன். அதற்கும் சரிவரவில்லை. பதினொரு பிள்ளைகளும் "மிஸ், இண்டைக்கு கிளாஸ் முழுசா நடக்குமா?" என்று கேட்கும்போது எனக்கு அழுகை வரும்.

கடைசியில்தான் நானாவைக் கூப்பிட்டேன். வந்த மனுசன் பெட்டியைத் தொடவே இல்லை.

"எத்தின மணிக்குப் போட்டா எத்தின நிமிசத்தில நிக்கிது? ரெண்டு நாள் எழுதி வைங்க டீச்சர். மறுகா வாறன்."

எனக்கே ஹோம்வேர்க்! பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். காலையில் முக்கால் மணித்தியாலம், பின்னேரம் இருபது நிமிடம்.

சொன்ன மாதிரியே வந்து அந்தத் தாளைப் பார்த்தார். "வைரஸ் வெயில் பாத்து வராது டீச்சர். இது சூடு." பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினார். மூன்று தரம் தும்மினார்.

ரெம் தேய்க்கும்போது வெறும் தூசி என்று நான் நினைத்ததெல்லாம் திருநீறு... ஃபேனில், ஃபேனுக்குக் கீழே, எல்லா இடமும்.

அம்மாவின் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டி, கொம்பியூட்டருக்கும் திருநீறு போட்டிருக்கிறார். சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் வேறு, காற்றுப் போகிற ஓட்டை ஒவ்வொன்றின் மேலும்! "ஒண்டுக்கு வெச்சு ஒண்டுக்கு வைக்காம உட்டா வடிவில்லையே புள்ள" என்றார். பின்பக்கம் தொங்கவிட்ட மாலை ஃபேன் காற்றில் ஆடியதைப் பார்த்து, சாமி ஏற்றுக்கொண்டார் என்று சந்தோசப்பட்டவராம்.

எனக்கு வந்ததே கோபம். "பதினொரு பிள்ளையள்ட படிப்பு அம்மா!" என்று கத்திவிட்டேன். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

நானா திரும்பி என்னைத்தான் ஏசினார். "அம்மாவ ஏசாதீங்க டீச்சர். மெசின் நல்லா இரிக்கோணும் எண்டுதானே வெச்சிரிக்காங்க."

பெயின்ட் பிரஷ்ஷால் தூசியெல்லாம் தட்டி, சிப்பின் சூட்டை இழுக்கிற பேஸ்ட் காய்ந்துபோயிருந்ததைத் துடைத்து, புதிதாக ஒரு பயறளவு வைத்தார். அதற்கு முன் அம்மாவைக் கூப்பிட்டார். "அம்மா, வந்து பாருங்க. உள்ளுக்கு நான் வெக்கிற பொட்டு இது. வெளில உள்ளத நீங்க வைங்க. ஆனா இஞ்ச மட்டும்."

மார்க்கரை எடுத்து, பெட்டியின் முன்பக்கம் ஓட்டை இல்லாத இடத்தில் சின்னதாய் ஒரு வட்டம் கீறினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். தேத்தண்ணிக்கு இரண்டு தரம் சீனி போட்டார்!

அன்றைக்கு நாலு மணி வகுப்பு முடியும்வரை நானா போகவில்லை. "இருவது நிமிசம் தாண்டட்டும்" என்று கதிரையில் இருந்துகொண்டார். நான் உடம்பு வியர்த்துச் சூட்டைக் குறைப்பதைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நம்மட உடம்புக்கும் ஃபேன் இரிக்கா டீச்சர்?" நானா கேட்டுவிட்டார், மைக் ஓனில் இருந்தது. கதிரவெளியே சிரித்தது. இருபது, முப்பது, ஒரு மணித்தியாலம்... நிற்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அம்மா போன் எடுப்பார். "தம்பி, வட்டத்துக்குள்ளதான் வெச்சிரிக்கன்." "வெரி குட்மா!" படைக்கிறதுக்கு முன்னமே அவருக்கென்று ஒரு கிண்ணம் கடலை எடுத்து வைத்துவிடுவார் அம்மா. படைத்ததை அவர் சாப்பிடமாட்டார் என்று தெரியும். கிண்ணம் பெருநாளைக்குத்தான் திரும்பி வரும், வட்டிலப்பத்தோடு.

வகுப்புக் குரூப்பில் செய்தி போட்டேன். அந்த வருஷத்துப் பிள்ளை ஒருத்தி, இப்போது கெம்பஸில் இருக்கிறாள், உடனே கேட்டாள்: "அந்த ஃபேன் கேட்ட அங்கிளா மிஸ்?"

ஓம் பிள்ளை. அவர்தான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். அத்தானும் நானும் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, வாசல்வரை வந்தார்.

"பூசைக்கு இன்னும் ரெண்டு கிழமதான் கிடக்கு. கடலய இனி ஆருக்குப் புள்ள எடுத்து வைக்கிற?" என்று கேட்டார்.

போயிட்டு வாங்க நானா... வட்டம் அழியவில்லை. பொட்டு அதுக்குள்ளதான்.