சித்தப்பா காட்டிய வீடு

பிரான்சில் இருந்த சித்தப்பாவுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அது எங்களுக்கும் பிடித்தாக வேண்டும். அந்த வருடம் அவருக்குப் பிடித்தது, பாரிஸிலிருந்து வெகுதூரத்தில் ஒரு கிராமத்தில் விலைக்கு வந்திருந்த பழைய கல்வீடு. நீல நிற யன்னல்கள், ஓர் ஆள் குனியாமல் நுழையக்கூடிய கணப்படுப்பு, பின்வளவில் நீச்சல் தடாகம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினால் விடுமுறைக்குப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கலாம் என்றார். அப்பா உலகத்தின் மறுகோடியில், எங்கள் மெரிலேண்ட்ஸ் ஃபிளாட்டில் இருந்தபடியே அங்கே குடிபோய்விட்டார். ஒன்பது வயதுக்காரியான நானும், தடாகத்தில் எந்த மூலையிலிருந்து குதிப்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

அம்மா மட்டும் அசையவில்லை. அவருக்கும் சித்திக்கும் ஒரு கலியாண வீட்டில் வாய்த்தர்க்கமாகி, பேச்சு நின்று சில வருடங்களாகியிருந்தன. பேசாத இருவர் ஒரே குசினியில் எப்படிச் சமைப்பார்கள் என்று அண்ணனும் தம்பியும் யோசிக்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் சித்தப்பா அந்த வீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தார். அங்கே காலை. அப்பா தன் போனைச் சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்தார். சித்தி, வீடு விற்கும் பெண்ணோடு உள்ளே போயிருந்தார். சித்தப்பா தடாகத்துக்கு முதுகைக் காட்டி நின்று, "அண்ணை, பூட்டன் காலத்துக் கல்லு. ஒரு வெடிப்பும் இல்லை" என்றார்.

"தடாகத்தைச் சுத்தி வேலியைக் காணேல்லையே?" என்றார் அம்மா.

"மூடி இருக்கு அண்ணி. நாங்கள் பாக்கிறதுக்காகச் சுருட்டி வைச்சிருக்கினம்."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "சின்னப் பிள்ளையள் இருக்கிற குடும்பத்துக்கு இதா வீடு? உங்களுக்கென்ன விசரா?"

"மெல்லக் கதை. அவனுக்குக் கேக்கப் போகுது" என்று அப்பா எங்கள் பக்கத்து ஒலியை நிறுத்தினார். அதன்பிறகு இருவரும் தாராளமாகச் சண்டை பிடித்தார்கள். சித்தப்பா எதுவும் அறியாமல் புகைக்கூட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், மஞ்சள் சுவெட்டரோடு, அவருடைய கடைக்குட்டி தனியே நடந்து வருவதை நான்தான் முதலில் கண்டேன். மூன்று வயது. கையில் ஒரு தடி. நேரே தண்ணீரை நோக்கி வந்தான்.

"அம்மா, சின்னவன்!"

அப்பா போனைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "தம்பி! பின்னால பார்! பிள்ளை!" நாங்கள் மூவருமே கத்தினோம். வாயைத் திறந்து கைகளை ஆட்டும் எங்களைக் கண்ட சித்தப்பா, வீடு எங்களுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்துச் சிரித்தபடி திருப்பிக் கையாட்டினார். சின்னவன் கரையில் குந்தித் தடியால் தண்ணீரைத் தட்டினான். அப்பாவின் விரல் திரையில் எதையெதையோ அமத்தியது. ஒலி திரும்பவில்லை.

அம்மா தன் போனை எடுத்தார். எத்தனையோ வருடமாக அழைக்காத இலக்கம். சித்தி உடனே எடுத்துவிட்டார்.

"பிள்ளை தண்ணிக்கரையில! ஓடு!"

சின்னவன் முன்பக்கமாகச் சரிந்தான். மஞ்சள் நிறம் மறைந்தது. அதே கணம் கதவால் வெளியே வந்த சித்தி, செருப்போடும் சேலையோடும் அப்படியே பாய்ந்தார். சித்தப்பா திரும்பினார். அவருடைய கைப்பேசி புல்லில் விழுந்தது. பிறகு எங்களுக்குத் தெரிந்தது வானம் மட்டும்தான். யாரோ பிரெஞ்சில் அலறினார்கள். தண்ணீர் அடிபடும் சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. அம்மா என் தோளை இறுக்கிய இறுக்கத்தில் எனக்கு நொந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

பிறகு ஓர் இருமல். இன்னோர் இருமல். அதற்குப் பிறகு வீறிட்ட அழுகை.

சற்று நேரம் கழித்துச் சித்தி யாருடைய போனிலோ அம்மாவை அழைத்தார். இருவரும் கதைக்கவில்லை, அழுதார்கள். கடைசியில் அம்மா, "முதல்ல ஈர உடுப்பை மாத்து, குளிருது அங்க" என்றார்.

அப்பாவைத் தேடினேன். பல்கனியில், கொடியில் கிடந்த உடுப்புகளுக்கு நடுவே நிலத்தில் இருந்தார். தோள்கள் குலுங்கின. இனி அந்த வீட்டை யாரும் வாங்கப் போவதில்லை என்பது எனக்கே விளங்கியிருந்தது. பக்கத்தில் போய் இருந்தேன்.

"இட்ஸ் ஓகே அப்பா. வேற நல்ல வீடு வரும்."

"ஓம் பிள்ளை, வரும்" என்றவர், ஒலியை நிறுத்திய அந்த வலது கையை மற்றக் கையால் பிடித்தபடி இன்னும் அதிகமாக அழுதார். ஒரு வீட்டுக்காக ஒரு பெரிய ஆள் இப்படி அழலாமா என்று எனக்கு வெட்கமாக இருந்தது.