ஆட்டின் வயிற்றில் தண்ணீர்

உயர்தரப் பரீட்சைக்காக விலங்குகளின் உடற்குழியைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு தூரம் படித்தவள் நான்தான். குழிக்குள் திரவம் இருக்கும் என்ற வரியில் கண் நின்றுவிட்டது.

எனக்கு ஏழு வயதில், நத்தார்ப் பண்டிகைக்காகத் தோட்ட லயத்தில் நான்கு வீடுகள் சேர்ந்து, வயிறு பெருத்த ஆடொன்றைக் கொழுத்தது என்று நம்பி வாங்கினோம். அப்பா வயிற்றைக் கீறியதும் மஞ்சள் தண்ணீர் கொட்டி அவர் காலை நனைத்தது. புளித்த வாடை அடித்தது.

"பீலித்தண்ணிய எல்லாம் இதுதான் குடிச்சிருக்கு," என்று லயத்துக்குத் தண்ணீர் வரும் ஊற்றைக் காட்டிச் சித்தப்பா சிரித்தார்.

"ஈரல் கெட்டுப்போச்சுடா. புதைச்சிருவோம்," என்றார் அப்பா.

புத்தகத்திலிருந்து நிமிர்ந்தேன். ஒரு மாதமாக வாயு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடிக்கும் அப்பா, கதிரையில் உட்கார்ந்து உப்பிய வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சட்டையப் போடுங்கப்பா. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

கீழ்ப் பொத்தான்கள் எட்டவில்லை. ஏன் ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவே இல்லை.