விழாத மேல்தட்டு

என் மேசையில் உள்ளங்கை அளவான கொங்கிறீற்றுத் துண்டு ஒன்று கிடக்கிறது. சாம்பல் நிறமாக இருக்கவேண்டியது, வெளிறிய ரோசா நிறத்தில் இருக்கிறது. சூடேறினால் அப்படி மாறுமாம். சொன்னவள் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா. கட்டிடம் தீப்பற்றினால் சூடு சுவருக்குள்ளும் கொங்கிறீற்றுத் தட்டுக்குள்ளும் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் கம்பஸில் அவளுடைய ஆராய்ச்சி. எரியாத கட்டிடங்களை எரித்து விளையாடுகிறாள் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். நெல்லியடியில் எங்கள் புடவைக்கடை எரியும்வரைக்கும் அது பகிடிதான்.

விடியப் பிடித்த தீயை வெயில் ஏறுமுன் அணைத்துவிட்டார்கள். முன்பக்கம் முழுக்கக் கரி. பின்னறையில் தீபாவளிக்கு இறக்கிய சேலைக் கட்டுகளை நெருப்புத் தொடவில்லை. ஆனால் அடித்த தண்ணீர் அங்கே தேங்கி நின்றது. ஊறுவதற்குள் எடுத்துவிடவேண்டும் என்று அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். கடையைச் சுற்றி நடந்தாள், கூரையாக இருந்த கொங்கிறீற்று மேல்தட்டின் கனத்தைக் கேட்டாள், தீ எவ்வளவு நேரம் எரிந்தது என்று கேட்டாள். பிறகு பின்னறைக்குப் போகும் ஒழுங்கை வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, மடிக்கணினியும் கையுமாக வழியை மறித்து அமர்ந்துவிட்டாள். திரையில் எங்கள் மேல்தட்டின் குறுக்குவெட்டு தெரிந்தது. தீ அணைந்த பிறகும் சிவப்பு நிறம் உள்ளே, தட்டைத் தாங்கும் இரும்புக் கம்பிகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

"நெருப்பு நூந்துபோச்சு பிள்ளை, வழியை விடு" என்றார் அப்பா.

"சட்டியை இறக்கின பிறகும் குழம்பு கொதிக்குதெல்லே சித்தப்பா? சூடு இப்பத்தான் கம்பிக்குப் போகுது. இண்டைக்கு ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது."

"அப்ப விழுமெண்டு உன்ரை கொம்பியூட்டர் சொல்லுதோ?"

"விழுமெண்டும் சொல்லேல்லை, விழாதெண்டும் சொல்லேல்லை."

அந்தப் பதில்தான் அப்பாவைக் கொதிக்க வைத்தது. எனக்கும் ஆத்திரம் வந்தது. இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒழுங்கைக்கும் றோட்டுக்குமாக நடந்தேன். கதவுக்கடியால் வழிந்த கரித்தண்ணீர் மத்தியானத்துக்குள் மஞ்சளாகி, பிறகு குங்கும நிறமாகிவிட்டது. எந்தச் சாயம் எந்தச் சேலைக் கட்டிலிருந்து வருகிறது என்றுகூட எனக்குத் தெரிந்தது. அக்காவும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் எழும்பவில்லை.

மேல்தட்டு விழவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. சேலைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. இனி உதவாது என்று தட்டை உடைத்தபோது, கம்பியை ஒட்டியிருந்த இந்தத் துண்டை அக்கா பொறுக்கி என்னிடம் தந்தாள். அப்பா அவளோடு கதைப்பதை விட்டுவிட்டார். அவளோ அந்தக் கணக்கை விடவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். வெளிநாட்டுக்குப் படிக்கப் போன பிறகும் போட்டுப் பார்க்கிறாளாம். எனக்கும் அதைப் பற்றி மனம் அடங்கவில்லை. அவள் மறித்தது சரியா, பிழையா? யாரிடம் போய்க் கேட்பது?

இந்தத் தீபாவளிக்கு அவள் வீடியோவில் அழைத்தாள். அப்பா தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"பிள்ளை, அந்தத் தட்டு விழேல்லை."

"ஓம் சித்தப்பா. விழேல்லையெண்டு என்னை ஏசுறதுக்கு நீங்கள் இருக்கிறியள். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்."

அப்பா மேசையில் கிடந்த துண்டை எடுத்து, இன்னும் சுடுகிறது போல, ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.