சங்கத் தலைவரும் ஒரு தோல் வாரும்

திருத்தணி பஜாரில் நான் தையல் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு பெரிய துரை என் கடைத் திரைக்குப் பின்னால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார். யுத்தம் முடிந்த வருஷம், கார்த்திகை மாதம். இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

அரக்கோணம் ரயில்வே காலனியில் மேரி துரைசானி என்று ஒருவர் இருந்தார். வம்சம் ஸ்காட்லாந்து, பிறந்து வளர்ந்தது அரக்கோணம். ஆயாவிடம் படித்த தமிழ், அசல் நம்மூர்த் தமிழ். இறந்துபோன தன் அப்பாவின் 'கில்ட்'டைக் கொண்டுவந்து, தன் இடுப்புக்குப் பிடித்துத் தரச் சொன்னார். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கம்பளித் துணி. முன்பக்கம் மொழுக்கென்று இருக்கும், கொசுவம் எல்லாம் பின்னால். இடுப்பில் பக்கிள் வைத்த தோல் வார் மூன்று. எனக்கு அது பாவாடைதான். பெண்பிள்ளை பாவாடை கேட்கிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இதை அவர் அப்பா கட்டினார் என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

அன்று ராத்திரி அரக்கோணத்தில் அவர்கள் ஸ்காட்லாந்துக்காரர் சங்கத்து விருந்தும் ஆட்டமும். கில்ட்டை அன்றைக்குத்தான் டெலிவரி கொடுக்க வேண்டும். மத்தியானம் ரேணிகுண்டா பக்கமிருந்து வந்த வண்டியில் சங்கத் தலைவர் இறங்கி நேரே கடைக்கு வந்தார். ரயில்வேயில் பெரிய அதிகாரி. போர்ட்டர் யூனிஃபார்ம் ஆர்டர் எனக்கு வருவதும் நிற்பதும் அவர் கையில். விருந்துக் கோலத்திலேயே வந்திருந்தார்: கில்ட், முன்னால் தொங்கும் தோல் பை, முழங்கால் வரை காலுறை. அவர் பின்னால் பாதி பஜார் வந்து நின்றது. மேரி துரைசானி கில்ட் தைக்கக் கொடுத்த சேதி அவர் காதுக்குப் போயிருந்தது.

"அது ஆம்பள உடுப்பு. பொம்பள இந்தக் கட்டத் துணிய தோள்ல துண்டா போட்டுக்கலாம், இடுப்புல இத கட்டக் கூடாது. நீ குடுத்தா ஆர்டர் வேற கடைக்குப் போவும்" என்றார்.

என் பிழைப்பே அந்த ஆர்டர்தான். கூட்டத்தில் நின்ற பூக்கார முனியம்மாவுக்கு என்ன கவலை?

"இன்னா நைனா, இவரே பாவாட கட்டிகினு வந்து, பொம்பள பாவாட கட்டக் கூடாதுன்றாரு?"

பஜாரே சிரித்தது. துரைக்குத் தமிழ் தெரிந்ததுதான் வினை. அதட்டுவதற்காக மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்தார். அவர் கில்ட்டின் இற்றுப்போன வார்கள் பட்பட்டென்று அறுந்தன. இரண்டு கையாலும் கில்ட்டை அள்ளிப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் கில்ட் மட்டும் திரைக்கு மேலாக வெளியே வந்தது.

அந்த மாதிரி தோல் வார் திருத்தணியில் எங்கே கிடைக்கும்? நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே மேரி துரைசானி வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துத் திரைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க நைனாவுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. அதுக்காக அவரு துணிய பூச்சிக்குப் போட்டுடணுமா? என்துல மூணு வார் கீது. உங்களுக்கு ஒண்ணு தர்றேன். ராத்திரி நான் இத கட்டிகினு ஆடுவேன்."

தூரத்தில் அரக்கோணம் வண்டியின் ஊதல் கேட்டது.

"ஆங்" என்றது திரை.

ஒரு வாரும் நாலு ஊக்குமாக அவரை ஒப்பேற்றி அனுப்பினேன். இருவரும் கில்ட் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். கொசுவம் துரைசானிக்குத்தான் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று பஜார் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

மறுவாரம் மேரி துரைசானி வந்தார். விருந்தில் தலைவரே எழுந்து, இவர் அப்பாவின் வம்சப் பெயரை உரக்கச் சொல்லி, முதல் ஆட்டத்துக்கு இவரை அழைத்தாராம். சொல்லும்போதே துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். தலைவர் மட்டும் கடைசிவரை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆடினாராம்.

பிள்ளைகளே, யார் எதைக் கட்டலாம் என்ற வழக்கை, கட்டுகிறவர்கள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். நாம் தையலைக் கெட்டியாகப் போட்டுக் கொடுத்தால் போதும்.