அவளிடம் போன போத்தல்

எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊரான கப்பல்துறையில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு நோயைப் பார்ப்பதற்குச் சுகாதாரத் தொண்டர்களாக இரண்டு பெண்களை எடுத்தார்கள். ஒருத்தி நான். மற்றவள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தவள், என்னைவிட இளையவள்.

திருகோணமலையில் ஒரு தாதி எங்களைப் பழக்கினார். கண்ணாடிக் குழாயிலுள்ள நீலக் கரைசலில் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் ஆளை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நான் ஒரு துளி பிசகாமல் செய்தேன். அவள் குழாயைச் சரிக்காமல் நிமிர்த்திப் பிடித்துக் கொதித்துச் சிதற விட்டாள். தாதி ஏசுவார் என்று காத்திருந்தேன். அவரோ அவளோடு சேர்ந்து சிரித்தார். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

ஊரில் சனமும் அவளிடம்தான் போனது. பெண்கள் சேலைத் தலைப்பில் சிறுநீர்ப் போத்தலை மறைத்துக்கொண்டு என் படலையைத் தாண்டிப் போவார்கள். நான் துடைத்து வைத்த விளக்கோடு விறாந்தையில் இருப்பேன்.

ஒரு காலை அவள் என் குசினி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, அண்ணன் உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டவர். எனக்கு மறைக்க ஏலாது. செங்கல் நிறம் வந்திட்டுது."

துறைமுகத்தில் வேலை செய்த என் கணவரைத்தான் சொன்னாள். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, ஏன் இவளிடம் என்ற கேள்வி.

அவர் வேலையால் வந்ததும் கேட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்: "நீ பாத்தா உன்ர முகத்திலையே எனக்கு வருத்தம் தெரியும். அவளெண்டா ஆறுதலாச் சொல்லுவாள்."

அடுத்த நாளே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளிசை தந்தார்கள். வருடக்கணக்காகத் தேத்தண்ணியில் நான் சீனியைக் குறைத்தால் முகம் சுழித்த மனிதர், அவள் ஒருமுறை சொன்னதும் பனங்கட்டியைக்கூடத் தொடவில்லை. உடம்பு தேறியது.

அதற்குப் பிறகும் மாதாமாதம் அவளிடமே போனார். அவர் திரும்பும்வரை எனக்குக் கையில் வேலை ஓடாது. "நீலமாம்" என்று சிரித்துக்கொண்டு படலையைத் திறப்பார். மனம் ஆறும். ஆனால் அந்தச் சிரிப்பை அவர் அங்கிருந்தே கொண்டுவருகிறார் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை பொறுக்கவில்லை.