சைரனுக்கு விதித்த அபராதம்

மாலை ஆறரைக்கு மசினா பழைய கேஸ் சிலிண்டரைச் சுத்தியலால் மூன்று முறை அடித்தால் எங்கள் தீவு நாடான சமோவா முழுவதும் ஸ்தம்பித்துவிடும் என்று எங்கள் ஊரார் நம்புகிறார்கள். உண்மையில் தென்கரைச் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் ஸ்தம்பிக்கும். அது ஜெப நேரம். எல்லோரும் வீட்டுக்குள் உட்கார வேண்டும். மீறி நடமாடுகிறவர்களை நிறுத்துவதற்குத் தடியோடு வாலிபர்கள் சாலையோரம் நிற்பார்கள்.

மசினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடல் ஒருமுறை ஊருக்குள் வந்து போனதைக் கண்ணால் பார்த்தவள். அவள் கணவன் பெனித்தித்தோவின் வலது காலைச் சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. உடம்பின் கனத்தை மட்டும் அது தொடவில்லை. சக்கர நாற்காலி சாலை வரைக்கும்தான் ஓடும். அதற்கப்பால் மேடேற்ற நான்கு பேர் தூக்க வேண்டும்.

ஆகவே சுனாமி வந்தால் எச்சரிக்கும் தானியங்கி சைரன் வந்த அன்று ஊரே கைதட்ட, அவள் மட்டும் கேள்வி கேட்டாள். கடலடியில் உள்ள கருவி வானத்துக்குச் சொல்லும், வானம் சைரனுக்குச் சொல்லும், மனிதர் கையே படவேண்டாம் என்று தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்த பொறியாளர் எத்துவாலே விளக்கியிருந்தார். சரி, என் வீட்டுக்காரரை யார் தூக்குவது என்றாள் மசினா. அது கருவியின் வேலை இல்லை என்றார் அவர். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. மசினா மூன்றாவது அடியை அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். சைரன் அலறியது. ஊர் அசையவில்லை. அந்த நேரத்தில் எது ஒலித்தாலும் உட்கார வேண்டும் என்பது எங்கள் முதுகெலும்புக்கே தெரியும். சைரனும் மனம் திரும்பி ஜெபத்துக்கு வந்துவிட்டது என்று சிலர் மகிழ்ந்து இன்னும் உரக்கப் பாடினார்கள்.

மசினா கணவனைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தாள். தடியோடு நின்ற யோசுவா மறித்தான்.

“உள்ள போங்க அத்தை, ஜெப நேரம்.”

“சைரன் கத்துதேடா.”

“அதுவும் ஜெபத்துக்குத்தான் கத்துது.”

“கடல் வந்தா அதையும் இந்தத் தடியாலயே நிறுத்துவியா?” என்றார் பெனித்தித்தோ.

யோசுவா கொஞ்சம் யோசித்தான். “நிறுத்தித்தான் ஆகணும் மாமா. ஜெபம் முடியற வரைக்கும்.”

கடல் வரவில்லை. கருவி தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டதாம்.

திங்கட்கிழமை ஊர்ச் சபை கூடியது. ஜெபத்தைக் கலைத்தால் பத்துப் பெட்டி டின் மீன் அபராதம். குற்றவாளியின் குடும்பம் கட்ட வேண்டும். சைரனுக்குக் குடும்பம் யார்? செய்த நாடு தூரத்தில் இருக்கிறது. கொடுத்த அரசாங்கம் கூப்பிட்டால் வராது. இரண்டு மணி நேரம் வாதாடி, நட்டு வைத்து மின்சாரம் ஊட்டிய எத்துவாலேதான் குடும்பம் என்று தீர்த்தார்கள். இயந்திரம் செய்த தப்புக்கு யார் பொறுப்பு என்று படித்தவர்கள் பெரிய நகரங்களில் மாநாடு நடத்துவதாகக் கேள்வி. எங்கள் தலைவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். எத்துவாலேயும் தலைகுனிந்து மீனைக் கொண்டுவந்து இறக்கினார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த மசினா எழுந்தாள். “மீனை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு நாலு பேரோட பேரைச் சொல்லுங்க.”

சபைத் தலைவர் லௌலு நான்கு பெயர் சொன்னார். முதல் பெயர் யோசுவா. இனி சைரன் கத்தினால் ஜெபம் காத்திருக்கும் என்றும் விதித்தார்.

வியாழக்கிழமை காலை ஒத்திகை. எத்துவாலே கடிகாரத்தோடு வந்தார். நால்வரும் ஓடிவந்து, நாற்காலியோடு தூக்கி, இரண்டு முறை வழுக்கி, மேட்டை அடையப் பதினான்கு நிமிடம் ஆனது. ஊர் ஆரவாரம் செய்தது.

“அலை எத்தனை நிமிஷத்துல வரும்?” என்று கேட்டாள் மசினா.

“கிட்டக்க நிலம் அதிர்ந்தா பத்து நிமிஷம், அக்கா.”

“மிச்ச நாலு நிமிஷத்தை உங்க மெஷின் தருமா?”

எத்துவாலே சைரன் கம்பத்தைப் பார்த்தார். தராது என்று ஒப்புக்கொண்டார்.

“அப்ப என்னைக் கீழ இறக்குங்கடா,” என்றார் பெனித்தித்தோ. “இந்தத் தடவை வாழைத்தோட்டம் வழியா போய்ப் பாப்போம்.”

எத்துவாலே கடிகாரத்தை மசினாவிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்தார்.